பழம் நமது, சருகு யாருடையது?

பினாங்கில் கோடை என்றும் இலையுதிர்காலம் என்றும் தனித்தனிப் பருவங்கள் இல்லை. பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை வடக்கே கிடக்கும் இத்தீவில் வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் அண்டை வீட்டாரைப்போல் கூடியே வாழ்கின்றன. ஆயினும் வீட்டுக் கொல்லையில் ஒரு மரமாவது வைத்திருப்பவருக்கு இங்கும் ஒரு பருவ மாற்றம் தெரியும். ஜூன், ஜூலை மாதங்களில் பாலிக் பூலாவ் மலைச் சரிவுகளிலிருந்து டுரியான் வந்து இறங்குகிறது. அதையொட்டி ரம்புத்தானும் மங்குஸ்தீனும் சந்தையை நிறைக்கின்றன. ஆகஸ்டு கழியும்போது பழம் ஓய்ந்துவிடுகிறது. பிறகு செப்டம்பரிலும் அக்டோபரிலும் ஆண்டின் பெருமழை வருகிறது. நம் தாயகத்துக் கணக்கில் சொல்வதானால், ஆனியும் ஆடியும் இங்கே பழத்தின் மாதங்கள். புரட்டாசியும் ஐப்பசியும் சருகின் மாதங்கள்.

பழத்தின் மாதங்களில் நாம் எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கிறோம். மரத்தில் நிறைய இருக்கிறது. தட்டில் வைத்து அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறோம். அவர்களும் வெறுந்தட்டைத் திருப்பி அனுப்புவதில்லை. நம் குணம் சோதிக்கப்படுவது பழத்தின் மாதத்தில் அன்று, சருகின் மாதத்திலேதான். இதை நமக்கு உணர்த்தியது டத்தோ கிராமாட்டில் நாம் அறிந்த இரு வீட்டாரின் கதை.

இருவரும் வியாபாரிகள். இருவரும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுகிறவர்கள். ஒருவர் வீட்டுக் கொல்லையில் பெரிய ரம்புத்தான் மரம். அதன் கிளைகளில் பாதி, சுவரைத் தாண்டி மற்றவர் வீட்டுப் பின்கட்டின் தகரக் கூரைமேல் சாய்ந்திருந்தது. ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் தட்டு நிறையப் பழம் அந்த வீட்டுக்குப் போகும். ஓர் ஆண்டு அக்டோபர் மாதத்து இரவில் மழை விடாமல் கொட்டியது. கூரைமேல் கிடந்த சருகெல்லாம் பீலியில் சேர்ந்து அடைத்துக்கொண்டது. தண்ணீர் வழியின்றிப் பின்கட்டுக்குள் இறங்கி, அடுக்கி வைத்திருந்த துணிக்கட்டுகளை நனைத்துவிட்டது.

காலையில் வாய்த்தகராறு. “மழை அல்லாஹ்வுடையது. இலையை உதிர்த்தது காற்று. நான் என்ன செய்யட்டும்?” என்றார் மரத்துக்காரர். “மழை அல்லாஹ்வுடையது, இலை காற்றினுடையது, பழம் மட்டும் உங்களுடையதோ?” என்றார் மற்றவர். அந்தக் கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை. மூன்று நாட்களுக்குமேல் ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு பேசாதிருத்தல் ஆகாது என்பதை இருவரும் அறிவர். இருந்தும் மூன்று வாரம் ஸலாம் இல்லை.

அந்தக் கேள்வியையே இங்கே நம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வோம். ஒன்றின் நன்மை நமக்கு வருகிறது. அதன் தொல்லை பிறர்மேல் விழுகிறது. அந்தத் தொல்லையைச் செய்தவர் நாம் அல்லர். மழையும் காற்றும் செய்தன. அப்படியானால் அது யாருடைய பொறுப்பு?

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். நம் ஃபிக்ஹு நூல்களில் இந்தக் கிளை விவகாரம் புதிதன்று. ஒருவருடைய மரத்தின் கிளை அடுத்தவர் மனையின்மேல் படர்ந்தால், அதை அகற்றும்படி கேட்க அவருக்கு உரிமையுண்டு. மரத்துக்காரர் மறுத்தால் அவரே அதை வளைத்து விலக்கலாம்; வளைக்க முடியாவிட்டால் வெட்டவும் செய்யலாம். ஆனால் அந்தக் கிளையில் காய்த்த பழம் மரத்துக்காரருடையதே. நம் கூரைமேல் தொங்குகிறது என்பதனால் அது நமதாகிவிடாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்திலேயே இத்தகைய வழக்கொன்று வந்தது. ஸமுரா என்னும் தோழருக்கு, அன்ஸாரி ஒருவரின் தோட்டத்துக்குள்ளே பேரீச்ச மரம் இருந்தது. தம் மரத்தைப் பார்க்க அவர் அடிக்கடி உள்ளே வருவார்; அங்கே குடும்பத்தோடு இருந்த அன்ஸாரிக்கு அது பெருந்தொல்லை. மரத்தை விலைக்குக் கொடுக்கும்படி கேட்டார்கள், மறுத்தார். வேறோர் இடத்து மரத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், மறுத்தார். மறுமையின் நற்கூலிக்காகக் கொடுத்துவிடும்படி ஆர்வமூட்டினார்கள்; அதற்கும் இணங்கவில்லை. கடைசியில் அண்ணலார், நீர் தொல்லை கொடுப்பவர் என்று அவரிடம் கூறிவிட்டு, மரத்தைப் பிடுங்கிவிடும்படி அன்ஸாரிக்குச் சொன்னார்கள் என்று அபூதாவூத் நூலில் காண்கிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மரம் ஸமுராவுடையது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவருடைய சொத்துரிமையை நபியவர்கள் மறுக்கவில்லை. விற்க, மாற்ற, வழங்க என்று மூன்று வழிகளைத் திறந்து வைத்தார்கள். மூன்றையும் அடைத்தபின்னரே உரிமை தோற்றது. உரிமை என்பது பிறரை வருத்துவதற்கான அனுமதிச் சீட்டு அன்று என்பதே இத்தீர்ப்பின் சாரம்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ராஃபிஉ என்னும் சிறுவர் அன்ஸாரிகளின் பேரீச்ச மரத்தில் கல்லெறிந்து கொண்டிருந்தார். பிடித்து வந்து நபியவர்கள்முன் நிறுத்தினார்கள். ஏன் எறிந்தாய் என்று அவர்கள் கேட்க, தின்பதற்காக என்றார் சிறுவர். கல்லெறியாதே, கீழே விழுந்து கிடப்பதை எடுத்துத் தின் என்று சொல்லி, தலையைத் தடவி, அவர் பசி ஆறும்படி துஆச் செய்தார்கள். மரத்துக்காரரின் மரமும் காயப்படவில்லை. பசித்த பிள்ளையின் மனமும் காயப்படவில்லை. நம் தெருப் பிள்ளைகள் ரம்புத்தான் கிளையில் கம்பை வீசும்போது நம் வாயில் வரும் வார்த்தைகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நமக்கே வெட்கமாயிருக்கிறது!

சரி, சருகின் கேள்விக்கு வருவோம். வியாபாரிகளாகிய நமக்கு மிக நெருக்கமான ஒரு விதி ஷரீஅத்தில் உண்டு. வாங்கிய ஒன்றில் குறை கண்டு திருப்பிக் கொடுத்த வழக்கொன்றில், நட்டத்துக்குப் பொறுப்பேற்பவருக்கே லாபமும் உரியது என்ற கருத்தில் நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட ‘மஜல்லா’ என்னும் சிவில் சட்டத் தொகுப்பில் இது 85ஆம் விதியாக இடம் பெற்றது. அதன் மறுதலையும் 87ஆம் விதியாக அங்கேயே இருக்கிறது: ஆதாயம் எவருக்கோ, சுமையும் அவருக்கே. வட்டி விலக்கப்பட்டதையும், முளாரபா என்னும் கூட்டு வாணிபத்தில் முதல் போட்டவரே முதலின் நட்டத்தைத் தாங்குவதையும் இந்த வெளிச்சத்தில் பார்த்தால் நன்கு விளங்கும்.

இந்த விதியைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டு போவோம். பழம் எவருக்கோ, சருகும் அவருக்கே. மழை அல்லாஹ்வுடையது என்பது உண்மை. ஆனால் பழத்தைப் பழுக்க வைத்ததும் அதே மழைதான். ஜூலையில் அதை ‘என் மரத்துப் பழம்’ என்று சொன்னவர், அக்டோபரில் ‘அல்லாஹ்வின் மழை’ என்று சொல்லி ஒதுங்குவது, ஒரே கணக்குப் புத்தகத்தில் வரவை மட்டும் தம் பேரில் எழுதிக்கொண்டு பற்றை இறைவன் பேரில் எழுதுவதாகும். எந்தக் கணக்குப்பிள்ளை இதை ஒப்புவார்?

ஆனால் விதி ஒரு பக்கம் மட்டும் வெட்டும் கத்தியன்று. பின்கட்டு வீட்டுக்காரரும் பல ஆண்டுகள் அந்தப் பழத்தைத் தின்றவர்தாம். பங்குனி, சித்திரை வெயிலில் அவர் தகரக் கூரைக்கு நிழல் தந்ததும் அந்தக் கிளைதான். கிளையை வெட்டச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது, அவர் சொல்லவில்லை. நிழல் வேண்டியிருந்தது. ஆகவே ஆதாயத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டென்றால், சுமையிலும் ஒரு சிறு பங்கு அவருக்கு உண்டு. தம் வீட்டுப் பீலியைத் தாமே ஒருமுறை ஏறிப் பார்த்திருக்கலாம்.

இதே கேள்வி தோட்டத்திலிருந்து சந்தைக்கு வரும்போது இன்னும் கூர்மையாகிறது. நம் நாட்டில் டுரியான் தோப்புகளைப் பருவத்துக்குப் ‘பஜாக்’ எடுக்கும் வழக்கம் உண்டு. சில வேளைகளில் மரம் பூத்திருக்கும்போதே விலை பேசிவிடுகிறார்கள். டுரியான் பூ மாலையில் மலர்ந்து, இரவில் வௌவால்களால் மகரந்தம் பெற்று, விடியுமுன் உதிரத் தொடங்குகிறது. அதிலிருந்து பழம் விழ ஏறத்தாழ மூன்று, நான்கு மாதம். இடையில் பெருமழை வந்தால் பூவும் பிஞ்சும் கொட்டிவிடும். பணம் கொடுத்தவர் வெறுங்கிளையைப் பார்த்து நிற்பார்.

மதீனாவில் இதேதான் நடந்தது. பேரீச்சம்பழத்தை முன்கூட்டி விற்பார்கள். அறுவடை நேரத்தில் நோய் விழுந்தது, பிஞ்சு கொட்டியது என்று வழக்காடுவார்கள். வழக்குகள் பெருகவே, பக்குவம் தெரியும் வரை மரத்துப் பழத்தை விற்கலாகாது என்று நபியவர்கள் தடுத்தார்கள். அல்லாஹ் பழத்தைத் தடுத்துவிட்டால், எதைக் கொடுத்து உன் சகோதரனின் பொருளை நீ எடுத்துக்கொள்வாய் என்பது அவர்கள் கேட்ட கேள்வியின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபின்படி, பக்குவம் தெரியுமுன் பழத்தை மரத்தில் விட்டு வைக்கும் ஏற்பாட்டில் விற்றால் அந்த விற்பனை செல்லாது.

பக்குவம் தெரிந்து முறையாக விற்றபின் இயற்கைச் சேதம் வந்தால்? இங்கே இமாம்கள் வேறுபடுகிறார்கள். மூன்றிலொரு பங்கு அழிந்தால் விலையில் தள்ளிக் கொடுப்பது கடமை என்கிறார் இமாம் மாலிக். இமாம் ஷாஃபிஈயின் பிற்காலக் கருத்துப்படி அது கடமையன்று; ஆனால் தள்ளிக் கொடுப்பது விரும்பத்தக்கது. கடமையில்லாத இடத்திலும் விட்டுக்கொடுக்கும் வழியை இமாமவர்கள் திறந்தே வைத்தார்கள் என்பதை நம்மவர் கவனிக்க வேண்டும். சட்டம் நிற்கும் இடத்தில் இஹ்ஸான் தொடங்குகிறது.

கடைக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு இதனினும் நெருக்கமானது. மதீனாச் சந்தையில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நபியவர்கள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று கேட்டார்கள். மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்டு, ஏமாற்றுபவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்று எச்சரித்தார்கள். முஸ்லிம் நூலில் வரும் இந்த நிகழ்ச்சியைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த வியாபாரி சொன்ன சமாதானத்தை நாம் நின்று யோசித்ததில்லை. அவர் பொய் சொல்லவில்லை. மழை பட்டது உண்மைதான். மழைக்கு அவர் பொறுப்பாளியும் அல்லர். அவருடைய குற்றம், மழையின் நட்டத்தைச் சத்தமில்லாமல் வாங்குபவரின் தலைக்கு மாற்றியதுதான். நம் ரம்புத்தான் மரத்துக்காரரின் சமாதானத்துக்கும் இதற்கும் எவ்வளவு ஒற்றுமை!

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு தொடங்கிய புயல் மழையைப் பினாங்கு வாசிகள் மறக்கமாட்டார்கள். தீவும் பெருநிலப் பகுதியும் ஒருங்கே மூழ்கின. ஏழு உயிர்கள் போயின. தண்ணீர் வடிந்தபின், நனைந்த சரக்கை முன்னால் வைத்துக்கொண்டு எத்தனையோ வியாபாரிகள் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. உலர்த்தி, மடித்து, பழைய விலைக்கே அடுக்கி வைப்பதா? அல்லது, ‘வெள்ளத்தில் நனைந்தது’ என்று எழுதி வைத்துப் பாதி விலைக்குக் கொடுப்பதா? அந்த நேரத்தில் பார்க்க எவரும் இல்லை. மனிதன் எப்படிப்பட்டவன் என்பது அங்கேதான் எழுதப்படுகிறது.

வீட்டுக்குள்ளேயும் ஒரு சுமை உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. மழை மாதங்களில் பூச்சாடித் தட்டிலும், கறிவேப்பிலைத் தொட்டியின் அடியிலும், சருகு அடைத்த பீலியிலும் தண்ணீர் தேங்குகிறது. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாட்களே போதும். ஆகவே வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்தாலே அதன் வளர்ச்சி அறுபடும். ஆனால் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவும் வேண்டும். ஏனெனில் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டை, ஈரமில்லாமலே பல மாதம் உயிரோடு கிடக்கும். இப்படிக் கொசு வளர இடங்கொடுப்பதை நம் நாட்டில் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் குற்றமாகவே வைத்திருக்கிறது. அதிகாரி வந்து பார்த்தால் அபராதம், அது சரி. அதிகாரி வராத வீட்டின் கொசு அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடித்தால் என்ன செய்வது? பூவின் அழகு நமக்கு, காய்ச்சல் அவர்களுக்கு. இதுவும் அதே கணக்குத்தான்.

அடுத்த வீட்டார் முஸ்லிமாக இருந்தால்தான் இந்தக் கடமை என்று எண்ணிவிட வேண்டாம். டத்தோ கிராமாட்டில் மலாய்க்காரரும் சீனரும் இந்துக்களும் நம்மோடு சுவரொட்டி வாழ்கிறார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள், தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்கு அனுப்பினீர்களா என்று முதலில் கேட்டார்கள். அண்டை வீட்டாரைச் சொத்துக்கே வாரிசாக்கிவிடுவாரோ என்று எண்ணுமளவுக்கு ஜிப்ரீல் (அலை) தமக்கு வலியுறுத்தியதாக நபியவர்கள் கூறியதை ஆதாரமாகவும் காட்டினார்கள்.

இவ்வளவும் சொன்னபின் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். எல்லாச் சுமையையும் ஏற்பதென்றால் யார்தான் மரம் வைப்பார்? கொல்லையைச் சிமெண்டு போட்டு மெழுகிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே! உண்மையில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் சிமெண்டுத் தரை மழைநீரைக் குடிப்பதில்லை. அது அத்தனையையும் தெருச் சாக்கடைக்குத் தள்ளுகிறது. சாக்கடை சுங்கை பினாங்குக்குத் தள்ளுகிறது. ஆறு பொங்கினால் தாழ்ந்த இடத்து வீட்டுக்குள் நுழைகிறது. சருகிலிருந்து தப்பியவர் வெள்ளத்தை வேறொருவருக்கு அனுப்பியிருக்கிறார். சுமையிலிருந்து ஓடுவது சுமையை ஒழிப்பதாகாது. மேலும், ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ தின்றால் அது அவருக்கு ஸதகா என்று கூறிய மார்க்கம் நம்முடையது. மரம் வைப்போம், சருகையும் கூட்டுவோம். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை அன்றோ!

சுமையை ஏற்க மறுத்தவர்களின் கதை திருமறையின் 68ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. தோட்டக்காரர் சிலர், விடிந்ததும் பழத்தைப் பறித்துவிடுவோம், இன்று எந்த ஏழையும் உள்ளே வரக் கூடாது என்று தமக்குள் கிசுகிசுத்துக்கொண்டு போனார்கள். அதற்குமுன், அவர்கள் உறங்கும்போதே, தோட்டம் அழிந்துவிட்டிருந்தது. போய்ப் பார்த்தவர்கள், வழி தவறி வந்துவிட்டோமோ என்று முதலில் நினைத்தார்கள். பிறகுதான் புரிந்தது, இழந்தவர்கள் தாங்களே என்று. அதன்பின் ஒருவரையொருவர் குறைகூறினார்கள். இறுதியில் தாங்கள் வரம்பு மீறியதை ஒப்புக்கொண்டு இறைவன் பக்கம் திரும்பினார்கள். பழத்தில் பிறர்க்குள்ள பங்கை மறைத்தவர்களுக்குப் பழமே இல்லாமற் போயிற்று. பங்கு கொடுப்பதைச் செலவென்று எண்ணும் எந்த வியாபாரிக்கும் இதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை.

நம் இரு வீட்டாரின் கதை என்னவாயிற்று? ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் இரு தரப்பையும் கேட்டார். நட்டத்தை எண்ணிக் காசு கட்டச் சொல்லவில்லை. மரத்துக்காரரைப் பார்த்து, “தம்பி, ஜூலையில் பழத்தட்டோடு பையனை அனுப்புகிறீர்கள். அக்டோபரில் ஏணியோடும் துடைப்பத்தோடும் அனுப்பினால் என்ன?” என்று மட்டும் கேட்டார். மற்றவரைப் பார்த்து, “பையன் வந்தால் ஏணியைப் பிடித்துக்கொள்ள உங்கள் வீட்டில் ஆள் இருக்கும் அல்லவா?” என்றார். இருவரும் உடனே மனம் மாறிக் கட்டித் தழுவிக்கொள்ளவில்லை. நனைந்த துணியின் வருத்தம் சில காலம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அடுத்த வாரமே இரண்டு கிளைகள் தறிக்கப்பட்டன, பீலி சுத்தமாயிற்று, ஸலாம் திரும்பி வந்தது.

சகோதரர்களே! இந்த மழை மாதங்களில் நாம் ஒவ்வொருவரும் நம் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்ப்போம். அடுத்த வீட்டுக் கூரையையும் பார்ப்போம். நம் கடையின் அடுக்கையும், ஒப்பந்தப் பத்திரத்தையும் அதே கண்ணால் பார்ப்போம். எங்கெங்கே பழத்தை நம் பக்கமும் சருகைப் பிறர் பக்கமும் விழச் செய்திருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். தெரிந்தபின் செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. ஏணியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு புறப்படுவதுதான்.

வரவையும் பற்றையும் நேர்மையாக எழுதும் கூட்டத்தில் அல்லாஹ் நம்மைச் சேர்ப்பானாக! ஆமீன்.